பொம்மையைத் தொட்டால் பாடம் வருமா?

கதை எழுதுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். எனக்கு அந்த விஷயத்தில் ஒரு பழைய கோபம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அதை மடித்து வைத்திருந்தேன். சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அது தானாகப் பிரிந்துகொண்டது.

எங்கள் சாலவாக்கத்துப் பக்கம் ஒரு விழா. சாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. பேச வந்தவர் பட்டணத்துக்காரர், நன்றாகப் பேசினார். "இனிமேல் உங்கள் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். படத்தைத் தொட்டால் பாடம் வரும். பாடம் தயாரிப்பதற்குக்கூடப் பெரிய படிப்பு வேண்டாம். சின்னச் சின்னப் படங்களை இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் போதும். யந்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்களில் பாதிப்பேர் கல்குவாரியிலும் கழனியிலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். தங்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று தங்கள் குழந்தைக்குச் சுலபமாகக் கிடைக்கப் போகிறது என்று நம்பித்தான் தட்டினார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தைகளுக்குக் கைதட்டியவள்தான்.

அது 2002-ஆம் வருஷம். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுக் குடும்ப நிலைமையால் நின்றுபோயிருந்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையம். பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு இருந்தன, எல்லாம் ஒரே மாதிரிதான். "மல்டிமீடியா" என்று வாசலில் வர்ணத்தில் எழுதியிருக்கும். ஆறு மாதப் படிப்பு; முடித்தால் வேலை என்றார்கள். என் அம்மா ஒரு கறவை மாட்டை விற்றுப் பணம் கட்டினாள். மாடு போன மறுநாள் காலையில் வெறும் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அங்கே கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்று ஆத்தர்வேர் என்கிற மென்பொருள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாததில் ஆச்சரியமில்லை; அது செத்துப்போன சாமான். ஆனால் அதன் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் வழக்கு உங்களுக்குப் புரியும்.

கம்ப்யூட்டரைக் கொண்டு பாடம் நடத்தலாம் என்கிற முயற்சி 1960-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பிளேட்டோ என்று அதற்குப் பெயர். அதில் பாடம் எழுதுவதற்கு ஒரு தனிக் கணினி மொழியைக் கற்க வேண்டியிருந்தது. பாடம் தெரிந்த வாத்தியாருக்கு அந்த மொழி தெரியாது. மொழி தெரிந்தவருக்கு வகுப்பறை தெரியாது. அந்த பிளேட்டோ வேலையில் ஈடுபட்டிருந்த மைக்கேல் ஆலன் என்பவர் 1980-களில் இதற்கு ஒரு வழி கண்டார். வார்த்தைகளுக்குப் பதிலாகச் சின்னங்கள். திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் சின்னங்களை வரிசையாக வைத்தால் அதுவே பாடம். அதுதான் ஆத்தர்வேர். அந்த ஸ்தாபனம் 1992-இல் இன்னொன்றோடு சேர்ந்து மேக்ரோமீடியா ஆயிற்று. மேக்ரோமீடியாவை 2005-இல் அடோபி வாங்கிற்று. 2007-இல் ஆத்தர்வேரை இனி வளர்ப்பதில்லை என்று அடோபி அறிவித்துவிட்டது. இருபது சொச்சம் வருஷத்தில் பிறப்பு, வளர்ப்பு, கருமாதி எல்லாம் முடிந்தன.

அந்தக் கோடு எப்படி வேலை செய்தது? ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவதுபோல் ஓட்டம் மேலிருந்து கீழே வரும். வழியில் 'காட்டு' என்று ஒரு சின்னம் இருந்தால் எழுத்தையோ படத்தையோ திரையில் காட்டும். 'நில்' என்று ஒரு சின்னம், அது மதகு. மாணவன் பொத்தானை அழுத்தும் வரையிலோ, நாம் சொன்ன நேரம் கழியும் வரையிலோ ஓட்டம் அங்கேயே நிற்கும். 'அழி' என்று ஒன்று, முன்னால் காட்டியதைத் துடைக்கும். 'நகர்த்து' என்று ஒன்று. கணக்குப் போட ஒன்று, சப்தத்துக்கு ஒன்று, சலனப் படத்துக்கு ஒன்று. பல சின்னங்களை ஒரு மூட்டையாகக் கட்டி வைக்க ஒன்று. ஓட்டத்தைக் கிளை பிரிக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவனைக் கேள்வி கேட்டு அவன் பதிலுக்கு ஏற்றபடி வழியை மாற்றுகிற ஒரு சின்னம். அதைப் 'பேச்சு வார்த்தைச் சின்னம்' என்று நான் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுத வராத எனக்கு, ஆங்கில வார்த்தைகளால் கட்டிய கம்ப்யூட்டர் மொழிகள் பூட்டிய கதவாக இருந்தன. படங்கள் என்னை உள்ளே விட்டன. ஆகவே சின்னங்களின் மேல் எனக்குத் துவேஷம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சண்டை சின்னங்களைச் சொல்லிக்கொடுத்த விதத்தோடுதான்.

எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? முதல் வாரம் முழுவதும் சின்னங்களின் பெயர்களை எழுதிக்கொண்டோம். இரண்டாவது வாரம் அவற்றை ஒப்பித்தோம். எந்தச் சின்னம் எந்த இடத்தில் இருக்கிறது, அதை இரண்டு தட்டுத் தட்டினால் எந்தப் பெட்டி திறக்கிறது, அந்தப் பெட்டியில் எத்தனை கட்டம் என்று பரீட்சை வைத்தார்கள். நான் முதல் மார்க்கு வாங்கினேன். பிறகு ஒரு மாதிரிப் பாடம் செய்து காட்டினார்கள். திரையில் ஒரு கேள்வி வரும். சரியான பதிலை அடித்தால் கைதட்டல் சப்தம், வேறு எதை அடித்தாலும் "தவறு, மீண்டும் முயற்சி செய்." அவ்வளவுதான். எல்லோரும் அதையே செய்தோம். இந்தியாவின் தலைநகர் எது, தேசியப் பறவை எது என்று கேள்வியை மட்டும் மாற்றினோம். முப்பது பேர், முப்பது கைதட்டல்.

படிப்பு முடிகிற சமயத்தில் நாங்களாக ஒரு பாடம் செய்து தர வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. அதையே பாடமாகச் செய்வோம் என்று சிலேட்டும் கையுமாக அவனைத் திண்ணையில் உட்கார வைத்தேன். 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னேன்.

"முப்பத்தாறு அக்கா" என்றான்.

தவறு, மீண்டும் முயற்சி செய் என்றேன். மீண்டும் முப்பத்தாறு. குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அழப் போகிற முகத்தோடு மூன்றாம் முறையும் முப்பத்தாறு என்றான். அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்த என் அம்மா, பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதைத் தாண்டாதவள், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். "எப்படிடா கண்ணு முப்பத்தாறு வந்துது?" என்று கேட்டாள். பையன் சொன்னான்: அஞ்சிலே ரெண்டு போனா மூணு, எட்டிலே ரெண்டு போனா ஆறு.

எனக்குச் சுரீர் என்றது. பையன் தப்பாகக் கழிக்கவில்லை. பெரியதிலிருந்துதான் சின்னதை எடுக்க முடியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே விசுவாசமாகச் செய்கிறான்! மேலே இருக்கிறது எது, கீழே இருக்கிறது எது என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. "மீண்டும் முயற்சி செய்" என்று நூறு தடவை சொன்னாலும் அவன் நூறு தடவையும் அதே விசுவாசத்தோடு முப்பத்தாறுக்குத்தான் போவான்.

அன்றைக்குத் தெருவில் அகப்பட்ட ஐந்தாறு பிள்ளைகளுக்கு அதே கணக்கைக் கொடுத்தேன். இன்னும் இரண்டு முப்பத்தாறு கிடைத்தன. ஒரு பெண் குழந்தை 34 என்றது. அதையும் அம்மாவைப் போலவே விசாரித்தேன். அது ஐந்திடம் கடன் வாங்கி, பன்னிரண்டில் எட்டைக் கழித்து, நாலு என்று சரியாகப் போட்டிருந்தது. கடன் கொடுத்த ஐந்து நாலாகிவிட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டது. ஆக, ஒரே கணக்கு, இரண்டு தப்பு, இரண்டுக்கும் இரண்டு வேறு காரணம். ஒரு குழந்தைக்குச் சொல்ல வேண்டியதை மற்றக் குழந்தைக்குச் சொன்னால் பிரயோஜனமில்லை.

மறுநாள் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பேச்சு வார்த்தைச் சின்னம் எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதன் பக்கத்தில் வரிசையாக எத்தனை பதில்களை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். 24 என்று ஒன்று தொங்கவிட்டேன். 36 என்று ஒன்று. அதன் கீழே பத்துக் குச்சிக் கட்டு ஐந்தும் உதிரிக் குச்சி இரண்டும் வரைந்து, "இருக்கிற இரண்டு குச்சியிலிருந்து எட்டைக் கொடு பார்க்கலாம்" என்று கேட்க வைத்தேன். 34 என்று ஒன்று. அதன் கீழே, கட்டு ஒன்றை அவிழ்த்த பிறகு மீதி எத்தனை கட்டு என்று எண்ணச் சொன்னேன். கடைசியில், மற்ற எந்தப் பதிலுக்கும் பொதுவாக ஒரு நட்சத்திரக் குறி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பதில்களை அந்த யந்திரம் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகும். நட்சத்திரம் எந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளும். அதைத் தெரியாமல் முதலில் வைத்துவிட்டேன். குழந்தை 24 என்று சரியாகச் சொன்னால்கூட, "தவறு" என்று வந்தது. சரியான விடையைச் சொன்ன குழந்தையைத் தவறு என்று விரட்டியடிக்கிற பாடத்தை நானே கட்டியிருந்தேன்! நட்சத்திரத்தை வலப்பக்கக் கடைசிக்குத் தள்ளினேன், சரியாயிற்று. அன்றிலிருந்து, காது கொடுத்துக் கேட்பதற்கு முன்னாலேயே தீர்ப்பைக் கையில் வைத்திருக்கிற மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடப்பக்க நட்சத்திரம் ஞாபகம் வரும். என் கதைகளில் சிலர் அப்படி வந்திருக்கிறார்கள்.

பாடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பயிற்சி நிலையத்தார் பார்த்தார்கள். "கைதட்டல் எங்கே? சலனப் படம் எங்கே? சப்தச் சின்னத்தையே நீங்கள் உபயோகிக்கவில்லையே! எல்லாச் சின்னத்தையும் உபயோகித்தால்தான் முழு மார்க்கு" என்றார்கள். நான் முப்பத்தாறைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "தப்பான விடையை எதற்கம்மா பாடத்தில் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

எனக்குக் கிடைத்த சான்றிதழில் மென்பொருள்களின் பெயர்கள் ஆறு இருந்தன. அவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலையும் கிடைக்கவில்லை. மாடு போனது போனதுதான்.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். பாடம் தெரிந்தவருக்கு யந்திரத்தின் மொழி குறுக்கே நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சின்னங்கள் பிறந்தன. மொழியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தை மிச்சப்படுத்தி, மாணவனைப் பற்றி யோசிப்பதற்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்த மிச்சத்தை என்ன செய்தோம்? யோசனையைத் தள்ளிவிட்டு, சின்னங்களின் பெயரை ஒப்பிப்பதற்குச் செலவழித்தோம். மனப்பாடத்தை ஒழிக்க வந்த சாமானையே மனப்பாடம் செய்தோம்!

"கருவியைக் கற்றால் வேலை கிடைக்குமே" என்பார்கள். 2007-க்குப் பிறகு ஆத்தர்வேரை மட்டும் கற்றவன் கதி என்னவாயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்த பாடம் ஒரு குறுந்தகட்டில் இன்னும் கிடக்கிறது. அதைத் திருத்தத் திறக்க வேண்டுமானால் அந்தப் பழைய மென்பொருள் வேண்டும். திறந்தாலும் தமிழ் வராது. அந்த நாளில் தமிழ் எழுத்து என்பது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு விதமான ஜோடனை. 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ் எழுத்துக்கென்று தரம் அறிவித்தும் பழக்கம் லேசில் மாறவில்லை. ஒருங்குறியை அரசு ஏற்றது 2010-இல்தான். அன்றைய எழுத்துரு இல்லாத யந்திரத்தில் என் பாடம் ஆங்கில எழுத்துகளின் அவியலாகத்தான் தெரியும். ஆனால், பிள்ளைகளிடம் கேட்டு எழுதின நாற்பது பக்க நோட்டு இருக்கிறதே, அதில் 36-உம் அதன் காரணமும், 34-உம் அதன் காரணமும் இன்றைக்கும் பழுதில்லாமல் இருக்கின்றன. எந்த ஸ்தாபனம் எதை வாங்கினாலும், எதை மூடினாலும் அந்த நோட்டுக்கு ஆபத்தில்லை.

"அது பழைய கதை, இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். எது மாறிற்று? ஆத்தர்வேர் நின்ற அதே 2007-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து குழந்தைகளுக்கென்று ஸ்கிராட்ச் வெளிவந்தது. வர்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்துக் கதையும் விளையாட்டும் செய்கிற அருமையான சாதனம். அதையும் நம் இடங்களில் பலபேர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் தெரியுமா? எந்த வர்ணக் கட்டைக்கு என்ன பெயர் என்று கேட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள்! இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இழுத்து வைக்கவும் வேண்டாம், கேட்டால் பாடத்தையே எழுதித் தரும். தரட்டும். 36 என்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் அது காரணத்தைக்கூடச் சொல்லும். அப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிற மனிதர் வேண்டாமா? அந்த மனிதரை உண்டாக்குகிற வேலையை எந்த யந்திரத்தின் தலையில் கட்டப் போகிறோம்?

இதற்கு யோசனை தேடி வெகு தூரம் போக வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. முப்பது குடும்புகளிலிருந்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்ன தேர்தல் முறையை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். நிலமும் வீடும் உள்ளவர்களுக்கு, அதிலும் வேதம் படித்த ஆண்களுக்கு மட்டுமான தேர்தல் அது. என் அம்மாவுக்கும் எனக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அந்தக் குறையைப் பெருமைக்கு நடுவில் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வைத்த தகுதிகளில் ஒன்றை மட்டும் எனக்குக் கடன் வாங்கத் தோன்றுகிறது. படித்திருந்தால் மட்டும் போதாது, பிறருக்குக் கற்பித்து அறிந்தவனாகவும் இருக்க வேண்டும் என்று அந்தச் சபையார் விதித்திருந்தார்கள். அறிவுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன் அவர்கள் வைத்த அந்தப் பரீட்சை, இன்றைய சான்றிதழ்களில் எதிலும் இல்லை.

ஆகவே, கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று. முதல் வாரம் யந்திரத்தைத் திறக்காதீர்கள். காகிதத்தில் கோடு போட்டு, எதை முதலில் காட்டுவது, எங்கே நிற்பது, எதை அழிப்பது என்று எழுத வையுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மாணவரும் தன்னைவிடச் சின்னக் குழந்தை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது சொல்கிற தவறான விடைகளையும் காரணங்களையும் சேகரிக்கட்டும். அதற்குப் பிறகு சின்னத்தைத் தொடட்டும். மூன்றாவது, சான்றிதழில் மென்பொருளின் பெயரைப் போடாதீர்கள். இன்னார், இன்ன பாடத்தை, இத்தனை குழந்தைகளுக்குக் கற்பித்துப் பார்த்தார் என்று போடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். பொறுமை வேண்டும், அதைத்தான் கொடுக்க மனமில்லாமல் பொம்மையைக் காட்டுகிறார்கள்.

அந்த விழா முடிந்து வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பையனின் பெண் உட்கார்ந்திருந்தாள். ஆமாம், அந்த முப்பத்தாறுக்காரனுக்கு இப்போது இரண்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள். அவன் டிப்பர் லாரி ஓட்டுகிறான். அப்பாவின் கைபேசியில் கணக்கு விளையாட்டு ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மஞ்சள் பொம்மை உதட்டைப் பிதுக்கி அழுதது. பொம்மை அழ, அழ, குழந்தையின் முகமும் கோணிக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். 61-லிருந்து 37. அவள் 36 என்று அடித்திருந்தாள்.

கைபேசியை மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எப்படிடா கண்ணு முப்பத்தாறு வந்துது?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு, "ஆறிலே மூணு போனா..." என்று ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்ச் சுள்ளிக் கட்டை எடுத்து வந்தேன்.